கேட்குதா சார், கேட்கிறீங்களா சார்?

ஆன்லைன் மீட்டிங். டீமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஸ்கிரீனை ஷேர் பண்ணிவிட்டு, மேலதிகாரியிடம் படு பவ்யமாக "சார், ஆர் யூ லிசனிங் டு மீ?" என்றான். பாவம், அவன் கேட்க நினைத்தது "கேட்குதா சார்?" என்றுதான். அங்கே போய் விழுந்ததோ "நான் பேசறதைக் கவனிக்கிறீங்களா இல்லையா?" அதுவரை குனிந்து போனை நோண்டிக்கொண்டிருந்த அவர், வகுப்பில் கதைப்புத்தகத்தோடு மாட்டிக்கொண்ட பையன் மாதிரி விருட்டென்று நிமிர்ந்து "யெஸ் யெஸ், கோ அஹெட்" என்றார் பாருங்கள், நாங்கள் எல்லோரும் அவசர அவசரமாகக் கேமராவை அணைத்தோம்.

தம்பியைச் சொல்லிக் குற்றமில்லை. சத்தம் கேட்குது, பாட்டு கேட்கிறேன், கடன் கேட்கிறான், சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்கிறான் என்று எல்லாவற்றுக்கும் நாம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறோம். ஆங்கிலத்தில் தானாகக் காதில் விழுந்தால் ஹியர், நாமாகக் காதைக் கொடுத்தால் லிசன். பக்கத்து வீட்டுச் சண்டை காதில் விழுகிறதா, ஹியர். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து நின்றுவிட்டீர்களா, அது லிசன், இனி "எனக்கெதுக்கு ஊர் வம்பு" என்றெல்லாம் சொல்ல முடியாது.

யோசித்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் நம்மிடமும் இருக்கிறது. "எனக்குக் கேட்குது" என்றால் ஹியர், "நான் கேட்கிறேன்" என்றால் லிசன். இதைச் சொன்னதும் தம்பி பிடித்துக்கொண்டான். லிசனுக்குப் பின்னால் ஒரு 'டு' வரும், ஹியருக்கு அது வேண்டாம், அப்புறம் லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க "கேன் யூ ஹியர் மீ" போதும் என்பதையும் சொல்லி வைத்தேன். உடனே "அப்போ கோர்ட்ல மட்டும் ஏன் ஹியரிங்னு சொல்றாங்க, ஜட்ஜ் கவனிச்சுத்தானே கேட்கிறார்?" என்று மடக்கினான். அந்தக் கேஸை ஒத்திவைத்துவிட்டேன்.

எங்கள் அத்தை இன்னும் ஒரு படி மேலே. பையன் ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறான், அதில் லிசனிங் டெஸ்ட் இருக்கிறது என்றதும் "இந்த வயசுலயே காதுக்கு என்னடா ஆச்சு?" என்று பதறிவிட்டார். அது காதுக்கான ஹியரிங் டெஸ்ட் இல்லை, ஒலிப்பதிவைக் கேட்டு 40 கேள்விகளுக்குப் பதில் எழுதணும், ஒரே ஒரு தடவைதான் போடுவார்கள் என்று விளக்கினோம்.

"ஒரு தடவைதானா? அப்போ பணத்தைக் கட்டாதீங்க. நான் கத்து கத்துனு கத்தினாலே இவன் கேட்கிறதில்ல."