கடைகளுக்கு மேல் ஒரு பள்ளிவாசல்

இஸ்தான்புல்லில் எமினோனு மசாலாச் சந்தையை ஒட்டிய சந்துகளில் ருஸ்தம் பாஷா பள்ளிவாசலைத் தேடுகிறவர்கள் பலர், தேடும்போதே அதற்கு நேர் கீழேதான் நிற்பார்கள். தரைமட்டத்தில் வரிசையாகக் கடைகள். தொழுமிடம் அவற்றின் தலைக்கு மேல். நெரிசலுக்கு நடுவே ஒரு சின்ன வாசல், உள்ளே குறுகலான கல் படிக்கட்டு. ஏறினால் சந்தை இரைச்சல் சட்டென அடங்கிவிடுகிறது.

இடநெருக்கடியைச் சமாளிக்க, ஒட்டோமான் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் கண்ட வழி இது. தாழ்வான கரையோரத்தில் உயர்த்திக் கட்டியதால் கடலிலிருந்தும் குவிமாடம் தெரிகிறது. கீழே உள்ள கடைகளின் வாடகை வக்ஃப் அறக்கட்டளைக்குப் போய், பள்ளிவாசல் பராமரிப்புக்கு உதவியது. ருஸ்தம் பாஷாவுக்குப் பொருத்தமான ஏற்பாடுதான்! ஒட்டோமான் சுல்தான் சுலைமானின் மருமகன், இருமுறை தலைமை வஸீர் (முதலமைச்சர் மாதிரி), பணம் சேர்ப்பதில் மகா கெட்டிக்காரர். லஞ்சப் புகாருக்கும் பஞ்சமில்லை. இளவரசி மிஹ்ரிமாவோடு திருமணம் பேசியபோது, இவருக்குத் தொழுநோய் என்று யாரோ கிளப்பிவிட்டார்களாம். சட்டையில் பேன் இருந்ததைப் பார்த்து, தொழுநோயாளி மேல் பேன் ஏறாது என்று சம்பந்தத்தை உறுதி செய்தார்களாம். நம்புவது உங்கள் விருப்பம். 1561-இல் அவர் இறந்துவிட்டார். பள்ளிவாசல் எழுந்தது அதையொட்டிய ஆண்டுகளில்.

எட்டுத் தூண்கள் தாங்கும் குவிமாடம் அழகுதான். ஆனால் இங்கே யாரும் முதலில் அண்ணாந்து பார்ப்பதில்லை. சுவர், தூண், மிஹ்ராப் (தொழுகைத் திசையைக் காட்டும் மாடம்), வெளித் தாழ்வாரம் என்று எங்கு திரும்பினாலும் இஸ்னிக் நகரப் பட்டறைகளின் டைல்ஸ். துலிப், கார்னேஷன், பற்கள் வைத்த நீள இலைகள், கட்டம் கட்டமான வடிவங்கள். ஒரு தூணின் பூவேலையும் பக்கத்துச் சுவரின் பூவேலையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை. எனக்கு முதலில் திகட்டியது. அப்புறம் ஒரே ஒரு டைலை மட்டும் பார்க்கத் தொடங்கினேன். நீலம் மழமழவென்று படிந்திருக்க, சிவப்பு மட்டும் லேசாகப் புடைத்து நிற்கிறது. இரும்புச் சத்துள்ள களிமண்ணைத் தடிமனாகப் பூசினால்தான் அந்தச் சிவப்பு கிடைக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் வெளிச்சம் அதன் விளிம்பில் பிடிபடுகிறது. அப்போது இஸ்னிக் பட்டறைகளுக்கே அது புது நிறம். பிற்கால டைல்ஸில் அது மங்கிப் பழுப்பாகிவிட்டது.

போகிறவர்கள் தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போங்கள். முடிந்தால் முதலில் மேட்டின் மேல் இருக்கும் சுலைமானியா பள்ளிவாசலைப் பாருங்கள். அதுவும் சினான் கட்டியதுதான், ஆனால் அங்கே டைல்ஸ் மிஹ்ராப் சுவரோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து சந்தை வழியாக இறங்கினால் கொஞ்ச நேரத்தில் இங்கே வந்துவிடலாம். மாற்றி ஏறினால் சுலைமானியா வெறிச்சென்று தோன்றக்கூடும், மூச்சும் வாங்கும்.