சுடச்சுட ஒரு பத்திரம்

திங்கட்கிழமை என்றால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஜெராக்ஸ் கடைக்குத் தீபாவளி. கலெக்டர் ஆபீசில் மனு நாள். ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, போன தடவை கொடுத்த மனு, அதற்கு முந்தின மனு என்று மஞ்சள் பைக்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்கும். பி.காம். முடித்த நான் அங்கே பார்க்கும் வேலை இதுதான்: மூடியைத் தூக்கு, வை, மூடு, அமுக்கு. ராத்திரி தூக்கத்தில் தலையணையைத் தூக்கித் தூக்கி மூடுகிறேனாம். அம்மா சொல்கிறாள்.

இந்த அலுப்பை அக்காவிடம் வாய்தவறிச் சொன்னது தப்பு. விஷயம் மாமாவுக்குப் போய்விட்டது. பாண்டியில் இன்சூரன்ஸ் பிடிக்கிறவர். அடுத்தவனுக்கு உற்சாகம் ஊட்டுவதென்றால் சாப்பாடு வேண்டாம். அன்று காலை வாட்ஸ்அப்பில் ஏழு நிமிஷக் குரல் பதிவு. கூட்டம் வருமுன் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன்.

"மாப்ள, நீ தொடுற மெஷினக் கண்டுபிடிச்சது யாரு தெரியுமா? செஸ்டர் கார்ல்சன்!" நியூயார்க்கில் பேட்டன்ட் வேலை பார்த்தவராம். ஆவணங்களுக்கு ஓயாமல் பிரதி எடுத்து வெறுத்துப்போய், மூட்டுவலியோடு வீட்டில் ஏதேதோ கிண்டி, 1938 அக்டோபர் 22 அன்று முதல் நகலை எடுத்தாராம். இருபது கம்பெனிக்கு மேல் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியும் மனுஷன் விடவில்லையாம்.

எனக்குப் புரிந்தது வேறு. அவருக்கு வேலை அலுத்தது. அந்த அலுப்பை ஒரு பெட்டிக்குள் அடைத்து, மஞ்சக்குப்பம் வரைக்கும் அனுப்பி, என் தலையில் கட்டிவிட்டார்.

இந்த ஆராய்ச்சியில், கண்ணாடிமேல் ஒன்றும் வைக்காமல், மூடியும் போடாமல் பத்து காப்பி அமுக்கிவிட்டேன். பத்தும் அமாவாசை. கடைக்கார அண்ணன் ஒரு தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டோனர் என்னா, உங்க மாமா வூட்லேர்ந்தா வருது?" மாமா விவகாரம் அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

அப்புறம்தான் ஆயா வந்தார். பண்ருட்டிப் பக்கம். நாலாய் மடித்த பழைய பத்திரம், இரண்டு பக்கமும் மசி எழுத்து. "தானே புயல்ல முந்திரி போச்சு, பலா போச்சு. இது மட்டும் அரிசிப் பானைக்குள்ள கெடந்துச்சு. பேரன் எடுத்தாந்த செராக்சு ஒரே கறுப்பு. படிக்கவே முடியலன்னுட்டாங்க."

2011 டிசம்பர் ஈரம் இன்னும் அந்தத் தாளில் கறையாக இருந்தது. முதல் காப்பியில் பின்பக்க எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி முன்பக்கம் வந்து சண்டை போட்டது. வெளிச்சத்தைக் கூட்டினேன், முன்பக்கமும் சேர்ந்து ஓடிவிட்டது. ஐந்து தாள் பாழ். அண்ணன் செருமினார். அப்போதுதான் குப்பைக்கூடையில் கிடந்த அமாவாசை கண்ணில் பட்டது. பத்திரத்துக்கு முதுகில் அந்தக் கறுப்புத் தாளை வைத்து அமுக்கினேன். மூடியின் வெள்ளையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தானே பின்பக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கறுப்பில் அது அடங்கிவிட்டது. சர்வே நம்பர், நான்கெல்லை, சாட்சிக் கையெழுத்து, அத்தனையும் பளிச்.

ஆயா தாளைத் தொட்டுப் பார்த்தார். "சூடா இருக்கே. இப்பதான் எழுதுனியா?"

"இல்ல ஆயா, ஜெராக்ஸ்தான். மெஷின் சூட்டுலதான் மை ஒட்டும்."

"செராக்சுன்னா கறுப்பா இருக்கும். நீ குனிஞ்சு குனிஞ்சு எழுதுனதத்தான் நானே பாத்தேனே. என்னா கையெழுத்து!"

மறுபடி மறுத்தேன். நம்பவில்லை. மூன்றாம் முறை, நிஜத்தைச் சொல்கிறேன், மறுக்க மனசு வரவில்லை. பன்னிரண்டு வருஷப் பள்ளிக்கூடத்தில் என் எழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்று சொல்லாத வாத்தியார் கிடையாது. லேசாகத் தலையாட்டி வைத்தேன். ஆயா காசோடு ஒரு பிடி வறுத்த முந்திரியும் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த திங்கள், கடை திறக்கும்போதே வாசலில் ஆயா. கூட நாலு பேர், ஆளுக்கொரு பழைய பத்திரம். அண்ணன் பக்கத்து மெஷினைக் காட்டி, "இங்க வாங்கம்மா, சீக்கிரம் ஆயிடும்" என்றார்.

"எந்திரம் வேணாம்பா. இந்தத் தம்பி கையால எழுதுறதுதான் வேணும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். "என்னாடா சொல்லி வெச்சிருக்க?"

நான் கண்ணாடியைத் துணியால் துடைத்தேன். மூடியை நன்றாகத் திறந்து வைத்தேன். பத்து காப்பி அமுக்கினேன்.

"டேய், மூடி! மூடி!"