மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை: பெற்றோல் செட்டில் பைக்கை விட்டு இறங்குங்கள்

தூரம், செலவு, எங்கே நிரப்புவது என்று ஒழுங்காக எழுதத்தான் நினைத்தது. ஆனால் எரிச்சல் முந்திக்கொண்டு வருகிறது, அதையே முதலில் கொட்டிவிடுகிறேன். ஆயிரம் ரூபாய்க்குப் பெற்றோல் கேட்டால் எண்ணூறு ரூபாய்க்கு விழுகிற வித்தை இலங்கையின் கிழக்கில், நம் கரையோர வீதியில் இன்னும் சாகவில்லை.

அது நடக்கிற விதம் இதுதான். பம்பின் குழாயை அதன் இடத்தில் மாட்டி, மறுபடி எடுத்தால்தான் திரையில் எண்கள் பூச்சியத்துக்குத் திரும்பும். பைக் வரிசை நீண்டு கிடக்கிற நேரத்தில், செட்டில் அடிக்க நிற்கிற பொடியன் குழாயை மாட்டுவதில்லை. ஒரு டேங்கிலிருந்து உருவி அடுத்த டேங்கில் செருகிவிடுவான். உங்களுக்கு முன்னால் நின்றவர் 200 ரூபாய்க்கு அடித்திருந்தால் திரையில் 200 அப்படியே நிற்கும். நீங்கள் 1000 என்கிறீர்கள், 1000 வந்ததும் நிறுத்துகிறான். கணக்குக்கு லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால், 3.33 லீற்றர் விழவேண்டிய இடத்தில் 2.67 லீற்றர். இதில் பாதி களவு, பாதி அவசரம். மனக்கணக்கில் கூட்டி 1200 வரை அடித்துத் தருகிற நேர்மையான பொடியன்களும் உண்டு. ஆனால் அந்தக் கூட்டலைச் சரிபார்க்கிற நிதானம் வாங்குகிறவருக்கு இல்லை. சீட்டில் இருந்தபடி காசை நீட்டிக்கொண்டு, கண் வீதியில்.

அதனால்தான் இறங்கச் சொல்கிறேன். இறங்கி, பைக்கை நேராக நிறுத்தி, "தம்பி, ஒருக்கா மாட்டிட்டு எடுங்க" என்று சொன்னால் போதும், யாரும் கோபிப்பதில்லை. திரையில் மூன்று எண்கள் இருக்கும்: ரூபாய், லீற்றர், லீற்றர் விலை. முதல் இரண்டும் பூச்சியமா, மூன்றாவது இந்த மாத விலையா என்று பாருங்கள். விலை மாத முடிவில் மாறுகிறபடியால் மாதத்தின் முதல் நாளில் இந்த மூன்றாவது எண்ணில் கண் கட்டாயம் போகவேண்டும். தொகையை விசைப்பலகையில் அமுக்கி அடிக்கச் சொன்னால் பம்ப் தானே நிற்கும், சில்லறைத் தகராறும் இல்லை. "முழுசா அடிங்க" என்றால் 1,487 ரூபாய் என்று வந்து, 13 ரூபாய் சில்லறை இல்லாமல் போகும். எந்த செட்டிலும் 13 ரூபாய் இருப்பதில்லை, அது ஏனென்று கேட்கக்கூடாது.

இருநூறு இருநூறாக அடிக்கிற பழக்கம் நம்மவரிடம் அதிகம். கையில் காசு இல்லாதவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் எரிபொருள் பம்புகளுக்கு ஆகக் குறைந்த அளவு என்று ஒன்று உண்டு, பெரும்பாலும் 2 லீற்றர். அதற்குக் கீழே அடித்தால் அளவுப் பிழையின் விகிதம் கூடும். அதற்கு மேலே சர்வதேச அளவீட்டு விதி இடம் தருவது 0.5 சதவீதம், அதாவது 5 லீற்றருக்கு 25 மில்லிலீற்றர். முடிந்தவர் இரண்டு நாள் பொறுத்து 600 ரூபாய்க்கு ஒரே தடவையாக அடிப்பது நல்லது. கடைசியில் குழாயைத் தூக்கி உதறச் சொல்லிச் சண்டை பிடிப்பது மட்டும் வீண். குழாய் எப்போதும் எண்ணெய் நிறைந்தே கிடக்கும், அடைப்பு நுனியில்தான் இருக்கிறது. உதறினால் விழுவது நுனி மூக்கில் ஒட்டியிருக்கும் சில துளி.

இவ்வளவு கவனம் தேவையென்றால் நாங்களே அடித்துக்கொண்டால் என்ன? கல்லடியிலிருந்து அக்கரைப்பற்று வரை தேநீர்க் கடைப் பேச்சில் இந்தக் கேள்வி வராமல் இல்லை. கனடா, லண்டனிலிருந்து லீவில் வருகிறவர்கள் காரை நிறுத்தியதும் பழக்கதோஷத்தில் இறங்கிக் குழாயில் கைவைப்பதும், "அண்ணே விடுங்க, நான் அடிக்கன்" என்று பொடியன் பாய்ந்து வாங்குவதும் ஓகஸ்ட் மாதக் காட்சி. அவர்கள் சொல்வது, அங்கெல்லாம் ஆளே இல்லை, நாமே அடித்து நாமே கட்டிவிட்டுப் போவோம் என்று. கேட்பவருக்கு அது முன்னேற்றமாகவும் இங்கே நடப்பது பின்தங்கலாகவும் படுகிறது.

அப்படியில்லை. அமெரிக்காவிலேயே நியூஜெர்சி மாநிலத்தில் 1949 முதல் வாகனக்காரர் தானே பெற்றோல் அடிப்பது சட்டப்படி தடை, இன்றைக்கும் தடைதான். ஒரிகன் மாநிலம் 1951இல் தடைசெய்து 2023இல்தான் மாநிலம் முழுக்கத் தளர்த்தியது. ஜப்பான் 1998இல்தான் அனுமதித்தது. பிரேசில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்துவைத்திருக்கிறது. வெளிநாடுகளுக்குள்ளேயே இது முடியாத வழக்கு. ஒரு பக்கம் மலிவு, விரைவு என்கிறது. மறுபக்கம் வேலை, பாதுகாப்பு, மழையில் நனையாமல் இருக்கும் சுகம் என்கிறது.

நம் கரைக்கு இப்போதைக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. பொடியன்களுக்கு வேலை போகும் என்ற நியாயம் எல்லோரும் சொல்வது, அது சரியும்தான். அதைவிட நேரடியான காரணம் பைக். தானே அடிக்கும் முறையெல்லாம் காரை நினைத்துச் செய்தது. குழாயின் நுனியில் ஒரு சின்னத் துளை இருக்கும், எண்ணெய் ஏறி அதை மூடியதும் உறிஞ்சும் காற்று தடைப்பட்டு விசை தானாக விழும். கார் டேங்கின் கழுத்து நீளமானது, குழாய் உள்ளே நன்றாகப் புகும், அங்கே இது அழகாக வேலைசெய்யும். பைக் டேங்குக்குக் கழுத்தே இல்லை. பொடியன் குழாயைப் பாதி வெளியே தூக்கிப் பிடித்து, கண்ணால் பார்த்து, விரலால் மெதுவாக விடுகிறான். துளை எண்ணெயைத் தொடும்முன் நுரை வாயால் வழிந்துவிடும், வழிந்தால் நேரே சூடான எஞ்சின் மேல். பழகாத கை இதைச் செய்யக்கூடாது. நம் ஊர் செட்டில் வரிசையைப் பாருங்கள், கார் எத்தனை, பைக் எத்தனை, ஓட்டோ எத்தனை?

காசுக் கணக்கும் ஒத்துவராது. அங்கே தானே அடித்தால் லீற்றருக்கு ஏதோ குறையும் என்பதால்தான் ஆள் இறங்குகிறான். இங்கே மாத விலை அறிவிப்போடு வருகிறது, நீங்கள் அடித்தாலும் அவன் அடித்தாலும் அதே விலை. மிச்சமாகும் சம்பளம் முதலாளியின் பையில். அதோடு, 500 ரூபாய்த் தாளோடு வருகிறவரிடம் முன்கூட்டிக் காசு வாங்க ஓர் ஆள் எப்படியும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கவேண்டும். பிறகு என்ன மிச்சம்?

காத்தான்குடி, சாய்ந்தமருது பக்கம் ஸ்கூட்டியில் வருகிற பெண்களிடம் கேட்டால் பதில் இன்னும் சுருக்கம்: சேலையிலும் அபாயாவிலும் பெற்றோல் மணக்க வீட்டுக்குப் போக முடியாது. இன்னொன்று: தட்டுப்பாட்டில் 2022 ஜூலையில் கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாக வாங்கும் முறை வந்தபோது பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். அந்தக் கோட்டாவை ஸ்கேன் பண்ணி, வரிசையைக் கட்டி, வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றதும் இதே பொடியன்கள்தான். 1000 ரூபாய் வித்தைக்காரனைத் திட்டும்போது இதையும் நினைக்கவேண்டியிருக்கிறது.

ஆள் அடித்தாலும் பொறுப்பு உங்களுடையதே என்பதற்கு வான் ஓட்டுபவருக்கு ஒரு எச்சரிக்கை. டொயோட்டா ஹையேஸ் வானில் கேடிஎச் (KDH) என்ற மாதிரி டீசல், ரீஆர்எச் (TRH) பெற்றோல். வெளியே ஒரே உருவம், நம் ஆட்கள் இரண்டையும் கேடிஎச் என்றே கூப்பிடுவார்கள். பெற்றோல் குழாயின் மூக்கு ஒடுக்கம், டீசல் டேங்கின் வாயில் தாராளமாகப் புகும், பிழை கையில் தட்டுப்படாது. வாடகை வான் எடுத்தவர் சாரதியிடம் கேட்டு, மூடியைத் திறக்கும்போதே "டீசல்" என்று வாயால் சொல்லுங்கள். மாறி அடித்துவிட்டால் சாவியைத் தொடவே கூடாது. ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளி ஓரம்கட்டி டேங்கை இறக்கினால் செலவு சிறிது. ஸ்டார்ட் பண்ணினால் பம்பும் இன்ஜெக்டரும் சேர்ந்து காசு கேட்கும்.

கானில் வாங்குபவர் கானை ஓட்டோவுக்குள்ளோ பைக் சீட்டிலோ வைத்துப் பிடிக்காமல் நிலத்தில் வைக்கவேண்டும், குழாய் நுனி கானின் வாயில் தொட்டபடி இருக்கவேண்டும். நிலைமின் பொறி பறப்பது இடைவெளியில்தான். நெல் வெட்டுக் காலத்தில், மாசி பங்குனியில், அம்பாறைப் பக்கம் போனால் டீசல் பம்பில் கானும் பரலுமாக நிற்கும். கடற்கரை ஊர்களில் மண்ணெண்ணெய்ப் பம்பில் இயந்திரப் படகுக்காரர். இரண்டு வரிசையும் பைக்காரர் வரிசை இல்லை, பயந்து திரும்பாதீர்கள், பெற்றோல் பம்ப் பக்கத்தில் காலியாக இருக்கலாம்.

சரி, வழி. ஏ4 வீதி. மட்டக்களப்பிலிருந்து கல்முனை சுமார் 40 கிலோமீற்றர், அக்கரைப்பற்று சுமார் 65, பொத்துவில் சுமார் 108. அக்கரைப்பற்று வரை ஊர் விட்டு ஊர் வருவதால் பெற்றோல் பற்றிக் கவலையே வேண்டாம். திருக்கோவில் தாண்டியதும் வீதி வெறிக்கும், கோமாரிப் பக்கம் பொழுதுபட்டால் யானை. அக்கரைப்பற்றிலேயே நிரப்பிக்கொண்டு வெளிச்சத்தோடு போய்ச் சேருங்கள். 100 சிசி பைக், இரண்டு பேர், ஒரு பை என்றால் லீற்றருக்கு 50 கிலோமீற்றர் என்று எடுங்கள். போக வர 216, அறுகம்பே சுற்ற 40, ஆகமொத்தம் 5 லீற்றர் சொச்சம். 300 விலைக்குச் சுமார் 1,540 ரூபாய். பஸ் இதைவிட மலிவுதான், ஆனால் கல்முனையில் ஆள் சேரும்வரை நின்று, மறுகா ஒவ்வொரு சந்தியிலும் நின்று, முழங்கால் முன்சீட்டில் இடித்துக்கொண்டு போகிற பொறுமை வேண்டும்.

மிச்சம் பிடித்த காசுக்கு ஒரு முட்டி எருமைத் தயிர். சட்டியைச் சரித்தாலும் அசையாத கட்டி, மேலே ஆடை மஞ்சள் பூத்து நிற்கும், கித்துள் பாணி ஊற்றிக் கரண்டியால் வெட்டிச் சாப்பிடவேண்டும். இதைப் பைக்கில் கட்டிக்கொண்டு வர நினைக்காதீர்கள். முட்டி உடையாவிட்டாலும் வெயிலில் புளித்துவிடும். கடையிலேயே முடித்துவிடுவதுதான் மரியாதை.

வெயில் என்றதும் ஒன்று. விடியற்காலையில் அடித்தால் கூட விழும் என்ற நம்பிக்கை எல்லா ஊரிலும் உண்டு. பெற்றோல் 10 பாகை சூட்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் விரியும் என்பது மெய். ஆனால் செட்டின் தாங்கி நிலத்துக்குக் கீழே, அங்கே காலைக்கும் மாலைக்கும் சூடு அவ்வளவு மாறாது. விரிவது உங்கள் டேங்கில். 10 லீற்றரை வாய் முட்ட நிரப்பி வெயிலில் விட்டால் 100 மில்லிலீற்றர் மூடித் துளையால் கசியும். பெருவிரல் அகலத்துக்கு வெறுமை விடச் சொல்லுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் வருகிறவர் கவனிக்கவேண்டியது வேறு. வெள்ளம் வடிந்த கையோடு திறக்கும் செட்களில் நிலக்கீழ்த் தாங்கிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். நல்ல செட்டில் அளவுகோலில் தண்ணீர் காட்டும் பசையைப் பூசி இறக்கிப் பார்ப்பார்கள், நிறம் மாறினால் அடிக்கமாட்டார்கள். பவுசர் (எண்ணெய் லொறி) வந்து இறக்குகிற நேரத்திலும் அடியிலுள்ளது கலங்கி மேலே வரும், அரை மணித்தியாலம் தள்ளிப் போங்கள். அடித்து ஒரு கிலோமீற்றருக்குள் எஞ்சின் இருமி இருமி நின்றால் பெற்றோல் டெப்பைப் பூட்டி, காபரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தி, வெளியே வருவதை வெள்ளைப் போத்தலில் பிடியுங்கள். இரண்டு நிமிடம் வைத்தால் தண்ணீர் அடியில் குமிழாகப் பிரிந்து தெரியும். போத்தலைக் கொட்டாமல் பற்றுச்சீட்டோடு செட்டுக்குக் கொண்டுபோனால்தான் பேச்சு எடுபடும். எடுபடாவிட்டால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம்.

பொத்துவிலுக்குத் தெற்கே பாணமை, உகந்தை என்று போகிறவர் பொத்துவிலில் அடித்துக்கொண்டு போவதே புத்தி. வழிக் கடைகளில் போத்தல் பெற்றோல் தொங்கும். அது எப்போது வாங்கியது, எதோடு கலந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது, விலையும் அவர் வாயில் வந்தது.