உபாயத் தெரிவும் ஒரு கடிதத்துக்கான அலைச்சலும்

வன்னியில் கமக்காரக் குடும்பங்களின் வருமானத்தை உயர்த்துவதற்கான திட்டமொன்றை வெளிநாட்டுக் கொடையாளருக்குச் சமர்ப்பித்த எங்கள் கொழும்புக் குழு, பல வழிகளில் எதை மேற்கொள்வது என்று தீர்மானிக்கும் உபாயத் தெரிவு என்ற ஒரு படியிலேயே நொந்துபோனது. பிரச்சினையின் காரணங்களையும் விளைவுகளையும் கிளைகளாக வரையும் பிரச்சினை மரமும், அவற்றை எட்டவேண்டிய இலக்குகளாக மாற்றி வரையும் நோக்க மரமும் கிளிநொச்சியில் ஊரவர்களோடு அமர்ந்து சிக்கலின்றி முடிந்தன.

சிறு குளத்தைப் புனரமைப்பது, விவசாயக் கிணறுகள் வெட்டுவது, விளைச்சலுக்குச் சந்தைத் தொடர்பு ஏற்படுத்துவது என மூன்று வழிகள் எஞ்சின. கிணறு காணி உள்ளவருக்கே பயன்படும் என்பதால் பின்தங்கியது. புள்ளியிட்டபோது குளமே முன்னுக்கு வந்தது. அதன்பிறகுதான் கொடையாளர், அந்தக் குளத்தில் வேறு எவரும் வேலை செய்யத் திட்டமிடவில்லை என்பதற்கு எழுத்துமூல உறுதி கேட்டார். பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பின் (ஓஇசிடி) திட்ட மதிப்பீட்டு அளவுகோல்களில் 2019ஆம் ஆண்டு ஆறாவதாகச் சேர்க்கப்பட்ட இயைபு, அதாவது ஒரு திட்டம் மற்றவர்களின் வேலைகளோடு பொருந்திப்போவது என்பதை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார். அது நியாயமான கேள்விதான்.

ஏறத்தாழ 200 ஏக்கர் வரை நீர்பாய்ச்சும் குளங்கள் சிறு குளங்களாகக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வருகின்றன. அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் தரப்பினருக்கு உரியவை. எங்கள் குளமோ பழைய பதிவில் அந்த எல்லைக்குக் கீழும் புதிய அளவீட்டில் சற்று மேலுமாக நின்றது. கொழும்பில் நாங்கள் ஏறிய அலுவலகமொன்றில் எழுதுவினைஞர், கோவையின் நாடாவைக்கூட அவிழ்க்காமல், "இது எங்கட குளமில்லை, மற்றப் பக்கம் கேளுங்கோ" என்று திருப்பித் தள்ளினார். மற்றப் பக்கத்திலும் அதே பதில் கிடைத்தது. பெரும்போக விதைப்பு நடக்கும் நாட்களில், கமக்கார அமைப்பின் செயலாளர் இரவு பஸ்ஸில் விடிய விடிய வந்து இறங்கியபோது, கையொப்பமிடும் அதிகாரி இல்லை என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். வயலில் நிற்கவேண்டிய அந்த மனிதரை அப்படி அலைக்கழித்தது இன்றும் நெஞ்சை எரிக்கிறது.

வழி மாவட்டத்திலேயே இருந்தது. மாவட்ட விவசாயக் குழுக் கூட்டத்தில் இரு தரப்பும் ஒரே மேசையில் அமர்வதால், மாவட்டச் செயலகத்தின் ஊடாகக் குளத்தை நிகழ்ச்சிநிரலில் சேர்ப்பித்தோம்; பொறுப்பு யாருடையது என்பதும், வேறு திட்டம் இல்லை என்பதும் கூட்டக் குறிப்பில் பதிவாகின. அதன் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியைக் கொடையாளர் மறுபேச்சின்றி ஏற்றார்.

ஆகவே இத்தகைய திட்டம் வகுப்பவர்கள், புள்ளியிடுவதற்கு முன்பே ஒவ்வொரு வழிக்கும் காணியும் நீரும் யாருடையவை, யார் கையொப்பமிட வேண்டும், திட்டம் முடிந்தபின் பராமரிப்புச் செலவை யார் ஏற்பார் என்பவற்றை விசாரித்துவிடுங்கள். கடைசிக் கேள்விக்கு எங்களைக் காப்பாற்றியது கமக்கார அமைப்பின் கணக்குப் புத்தகம். போகத்துக்குப் போகம் ஏக்கருக்கு இவ்வளவு என்று அறவிட்ட பணமும், வாய்க்கால் துப்புரவுக்குக் கொடுத்த கூலியும் நீல மையில் வரிவரியாக எழுதப்பட்டிருந்தன. கொடையாளரின் அலுவலர் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். நிலைபேறு பற்றி அதன்பின் அவர் எதுவும் கேட்கவில்லை.