பழைய திருமணப் பதிவேட்டில் பெயர் வாசித்தல்: புள்ளியில்லாத கையெழுத்தோடு மல்லுக்கட்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேவாலயத் திருமணப் பதிவேட்டைத் திறந்ததும் கண் நேராகப் பெயருக்குத்தான் ஓடும். சறுக்குவதும் அங்கேதான். பெயரைக் கடைசியில் வாசியுங்கள். எழுதியவரின் கை முதலில் பழக வேண்டும்.

தேடும் பதிவுக்கு முன்னும் பின்னும் இருபது பதிவுகளை எடுத்துக்கொள்வோம். மாதப் பெயர், ஊர்ப் பெயர், 'சாட்சி', 'குமாரன்' என்று ஐயமே இல்லாத சொற்களிலிருந்து எழுத்துகளை வெட்டி ஒரு தாளில் வரிசையாக ஒட்டுவோம். 'பிள்ளை' என்று முடியும் பெயர் கிடைத்தால் அதிர்ஷ்டம்: துதிக்கை போட்ட பழைய ளை அதில் இருக்கும். ணா, றா, னா ஆகியவையும் கால் இல்லாமல் சுழித்தே வரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் படித்தவர்களுக்கு இவை தனிப் பாடம். பதிவேட்டின் நடுவில் எழுத்தர் மாறினால் தாளும் புதிதாகப் போட வேண்டியதுதான்.

உண்மையான வில்லன் புள்ளி, அதாவது அது இல்லாமை. வேகமாக எழுதுபவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. காலும் ரகரமும் ஒரே கோடு. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வகுத்துக் கொடுத்தாலும் எல்லாக் கைகளும் அதைப் பின்பற்றவில்லை. ஆகவே யோவான் பதிவேட்டில் 'யெரவரன' என்று நிற்பார். சாராள் 'சரரரள'. அந்த மூன்று கோடுகளில் எது கால், எது ர என்பதைத் தாள் சொல்லாது. ராசம்மாளுக்கும் ரோசம்மாளுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு கொம்பு. அதன் மை மங்கினால் ஆளே மாறிவிடுவார்.

இதற்காக ஒரு தாளில் நெடுக்காக மூன்று பத்திகள் (column) போடுகிறோம். முதல் பத்தியில் புள்ளி சேர்க்காமல், கண்ணில் பட்டதை அப்படியே. இரண்டாவதில் அது எப்படியெல்லாம் விரியலாம் என்பது. மூன்றாவதில் முடிவும் அதற்கான காரணமும். முதல் பத்தியைத் தாண்டிக் குதித்தால், வீட்டில் கேட்ட தாத்தா பெயர்தான் எல்லாப் பதிவிலும் தெரியும். இன்னொருவரிடம் வாசிக்கக் கொடுக்கும்போது நம் வாசிப்பை வாய் தவறியும் சொல்லிவிடக் கூடாது.

பெயரையொட்டி வரும் எண்களும் ஏமாற்றும். வயது 25 என்பது ௨௰௫. பழகாத கண்ணுக்கு 'உயரு' என்று பெயரின் வாலாகவே தெரியும். ௸ என்றால் மேற்படி. மணமகளின் ஊருக்கு நேரே அது இருந்தால் மேலே உள்ள ஊரைப் பாருங்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் தமிழ் ஆண்டுப் பெயரான 'பிரபவ' மட்டும் இருந்தால் 1867-68 ஆகவும் இருக்கலாம், 1927-28 ஆகவும் இருக்கலாம். பிரபவ தை என்பது 1868 ஜனவரி நடுவில்தான் தொடங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

கத்தோலிக்கப் பதிவு லத்தீனில் இருந்தால் கணக்கே வேறு. பெத்ருஸ் என்றால் ஊரில் இராயப்பன், பவுலுஸ் சின்னப்பன், யொவான்னஸ் அருளப்பன், யொசேபுஸ் சூசை. தந்தை பெயர் வேற்றுமை உருபு ஏற்றுப் 'பெத்ரி', 'அந்தோனியி' என்று வரும். இதைப் புதுப் பெயராக எண்ணிக் குடும்ப மரத்தில் கிளை வரைந்தவர்கள் உண்டு. பிரெஞ்சுப் பாதிரியார் எழுதியிருந்தால் முத்துவின் உகரத்துக்கு 'ஓ', 'யூ' (ou) என இரண்டு ரோமன் எழுத்துகள் இருக்கும்.

படம் எடுக்கும்போது தாளுக்கு அடியில் கறுப்பு அட்டை வைத்தால் பின்பக்க மை அவ்வளவாக ஊடுருவித் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். பேனா கீறிய தடம் அப்போது எழும்பும். பழுப்பேறிய மைக்குப் படம் திருத்தும் மென்பொருளில் நீல நிற அடுக்கை (blue channel) மட்டும் பிரித்துப் பாருங்கள்.

கடைசியில் ஒப்பீடு. திருமணத்துக்கு முன் ஓலை வாசித்த (கோவிலில் மணமக்கள் பெயரை அறிவித்த) குறிப்பு தனியாக இருந்தால் அதே பெயர் இன்னொரு முறை கிடைக்கும். ஞானஸ்நானப் பதிவில் தேடும்போது வயதில் ஐந்து ஆண்டு முன்பின் விடுங்கள். கைநாட்டுக்குப் பக்கத்தில் உள்ள பெயர் பெரும்பாலும் பதிவை எழுதியவர் கைதான். அதை இரண்டாவது சான்றாக எண்ண முடியாது. சொந்தக் கையொப்பம் இருந்தால் அதற்கே முதலிடம். இவ்வளவுக்குப் பிறகும் கொம்பு தெரியவில்லையா? மூன்றாம் பத்தியில் 'ரா/ரோ?' என்றே இருக்கட்டும்.