விக் வைத்தவரிடம் டிக்கெட் வாங்காதீர்கள்

பிராக் பயணத்தின் செலவுக் கணக்கை வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே ரத்தம் கொதிக்கிறது: கச்சேரி டிக்கெட், 900 செக் கொருனா.

பழைய நகரச் சதுக்கத்தில் மொசார்ட் காலத்து விக்கும் கோட்டும் மாட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். அவர் நீட்டிய நோட்டீஸில் செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் செரினேட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பல பகுதிகள் கொண்ட இசைக்கோவை அது. கொருனாவை நாலால் பெருக்கி ரூபாயாக்கிப் பார்த்து, இரவுச் சாப்பாட்டை ரொட்டியோடு முடித்துக்கொண்டு போனேன். குளிர்ந்துபோன சர்ச்சில் வாசிக்க ஐந்தே பேர். செரினேடின் வால்ட்ஸ் நடனப் பகுதியை மட்டும் வாசித்துவிட்டு விவால்டி என்ற வேறொரு இசையமைப்பாளருக்குத் தாவிவிட்டார்கள். அதுவும் சுவரெல்லாம் எதிரொலித்து ஒரே கூழ்.

விடுவதாயில்லை. இரண்டு நாள் கழித்து ருடால்ஃபினம் என்ற கச்சேரி அரங்கில் அதே செரினேட் முழுசாக இருந்தது. ஸ்டாரோமியெஸ்ட்ஸ்கா மெட்ரோவில் இறங்கினால் பக்கம்தான். இருப்பதிலேயே மலிவான டிக்கெட், 350. முன்வரிசை ஓரம். மேடை பாதி மறையும் என்று கவுண்டரில் எச்சரித்தார்கள். அந்த ஓரம்தான் எனக்கு அதிர்ஷ்டம், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவை வாசிக்கும் வியோலாக்காரர்கள் கைக்கெட்டும் தூரத்தில்!

துவோர்ஷாக்கே வியோலாக்காரர்தான். இந்த ஊர் தியேட்டர் இசைக்குழுவில் பல வருடம் வாசித்தவர். 1875இல் ஆஸ்திரிய அரசின் உதவித்தொகையாக அன்றைய நாணயத்தில் 400 கில்டர் கிடைத்தது. அந்த மே மாதம் பன்னிரண்டே நாளில் இந்தச் செரினேடை எழுதி முடித்தார். கையில் நாலு காசு வந்த மனிதனின் நிம்மதி முதல் வரியிலேயே கேட்கிறது. இரண்டாம் வயலின்களும் செல்லோக்களும் மெட்டை மாற்றி மாற்றிப் பாட, அடியில் வியோலாக்கள் விடாமல் துடிக்கின்றன. இத்தனை வருடம் ஹெட்ஃபோனில் கேட்டும் அந்தத் துடிப்பு என் காதில் விழுந்ததே இல்லை.

புல்லாங்குழல் கிடையாது, ஹார்ன் கிடையாது, முழுக்க வில்லால் வாசிக்கும் தந்திக் கருவிகள். பத்துப் பன்னிரண்டு வயலின்கள் ஒரே ஸ்வரத்தில் சேரும்போது ஒவ்வொன்றும் மயிரிழை விலகித்தான் நிற்கும். அந்தப் பட்டு மாதிரி ஒலி அந்த விலகலில் இருந்துதான் வருகிறது. ஐந்து பேரை வைத்து அது வராது சாமி. வால்ட்ஸ் வந்தபோது சர்ச்சில் கேட்டது இதுதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. நாலாவது பகுதி, மெதுவாகப் போகும் லார்கெட்டோவில் டபுள் பேஸின் கனத்த ஒலி காதுக்கு வருமுன் பாதத்துக்கு வந்தது. கடைசிப் பகுதி துள்ளி ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அந்த முதல் மெட்டு திரும்பி வருகிறது. பக்கத்து இருக்கைப் பாட்டி கைக்குட்டையைத் தேட ஆரம்பித்தார். நான் சட்டைக் கையாலேயே துடைத்துக்கொண்டேன்.

அப்புறம் குலய்டா சூப். காளான், உருளை, சோயிக்கீரை, மேலே ஒரு முட்டை. விலை மறந்துவிட்டது. டிராம் செலவும் எழுதி வைக்கவில்லை.

மறுநாள் சதுக்கத்தில் அதே விக். என்னை அடையாளம் தெரியவில்லை போல. இன்றைக்கு 600க்குத் தருகிறேன் என்றார்.