தபால் வாக்கு: பென்சில்வேனியா, அக்டோபர் 2024

அக்டோபர் 14
கொலம்பஸ் தினம். தபால் கிடையாது. ஒரு நாள் போச்சு.

அக்டோபர் 16
தபாலில் வாக்குச்சீட்டு கேட்கும் மாணவர்களிடம் மறுபடியும் அதே தொல்லை, கல்லூரி விடுதி முகவரி. தெருவும் விடுதிப் பெயரும் போதும் என்று எழுதிவிடுகிறார்கள். மாணவரின் தபால் பெட்டி எண் இல்லாத உறை, கல்லூரித் தபால் அறையான மெயில்ரூமில் கிடந்து கிடந்து திரும்பிப் போகும். ஏப்ரல் உட்கட்சித் தேர்தலின்போது வருடம் முழுக்கத் தபால் சீட்டு கேட்டவர்களுக்கு நவம்பர் சீட்டும் அதே பழைய அறைக்கே போகும். முகவரி மாற்றம் பதிந்திருந்தாலும் தபால்காரர் வாக்குச்சீட்டைப் புது இடத்துக்கு அனுப்ப மாட்டார். இன்றே உங்கள் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) தேர்தல் அலுவலகத்தைக் கூப்பிட்டு மாற்றுங்கள்.

அக்டோபர் 21
வாக்காளராகப் பெயர் பதியக் கடைசி நாள். கல்லூரி ஊரிலேயே பதிந்து நேரில் வாக்களிக்கலாம். 1979இல் உச்ச நீதிமன்றம் வரை போய் நிலைத்த உரிமை இது. தபாலே வேண்டாம். இதை ஆகஸ்டிலேயே, விடுதிச் சாவி கொடுக்கும்போதே சொல்ல வேண்டும்.

அக்டோபர் 24
உறைகள். சீட்டில் கறுப்பு அல்லது நீல மையில் குறித்து, மடித்து, கூடவே வரும் மஞ்சள் உறையில் போட்டு ஒட்டணும். மஞ்சள் உறைமேல் எதுவும் எழுதக் கூடாது. பிறகு வெளியுறை, அதில் கையெழுத்து, கையெழுத்திட்ட நாளின் தேதி. மஞ்சள் உறை இல்லாமல் வரும் சீட்டு செல்லாது என்று 2020இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தேதிதான் பெரிய வயிற்றெரிச்சல். பலர் பிறந்த தேதியை எழுதிவிடுகிறார்கள். அதனால் இந்த முறை 2024 என்று அச்சடித்தே வருகிறது. மாதமும் நாளும் மட்டும் எழுதினால் போதும். உறை வந்த நாளைக் கவுண்டி அலுவலகமே பதிந்துகொள்கிறது. அப்புறம் இந்தத் தேதி எதற்கு?

அக்டோபர் 27
ஸ்டாம்ப் எங்கே வாங்குவது என்று தெரியாமல் சீட்டை மேசையிலேயே வைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. 2018இல் வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி மாணவர்களிடம் கேட்டபோது இதுதான் வெளிவந்தது. 2024இல் ஒரு ஸ்டாம்ப் 73 சென்ட். ஸ்டாம்ப் குறைந்தாலும் வாக்குச்சீட்டைத் தபால் துறை நிறுத்தி வைப்பதில்லை. ஆனாலும் மெயில்ரூம் மேசையில் ஒரு தாள் ஸ்டாம்ப் வைத்தால் கல்லூரிக்கு என்ன குறைந்துவிடும்?

அக்டோபர் 29
மாலை 5 மணி. தபால் வாக்குச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் நேரம் முடிந்தது.

இந்தக் கணக்குதான் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. இன்றுவரை விண்ணப்பிக்கலாம் என்கிறது சட்டம். சீட்டு நவம்பர் 5 இரவு 8 மணிக்குள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். தபால் முத்திரைத் தேதி கணக்கில் வராது. திருப்பி அனுப்ப மட்டும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது தபால் துறை. அப்படியென்றால் சீட்டு விடுதிக்கு வந்துசேர நாள் எங்கே? கவுண்டிக்குள் இருப்பவர் நேரில் போய் விண்ணப்பித்து அங்கேயே வாக்களித்துவிடலாம். பிட்ஸ்பர்கில் படிக்கும் பிலடெல்பியா பிள்ளைக்கு அது 300 மைல். கடைசித் தேதியை முன்னுக்கு இழுக்கச் சொல்லவில்லை. தேர்தல் நாளுக்குள் தபாலில் போட்ட சீட்டை, சில நாள் கழித்து வந்தாலும் எண்ணச் சொல்கிறேன்.

நவம்பர் 1
வெளியுறையில் தேதி எழுத வேண்டும் என்ற விதி இந்தத் தேர்தலில் மாறாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாதம், நாள். எழுதுங்கள்.

நவம்பர் 2
இனித் தபாலில் போடாதீர்கள். கையில் கொண்டுபோங்கள். அறைத்தோழன் உங்கள் ஊருக்கே போனாலும் அவனிடம் கொடுத்தனுப்பக் கூடாது. உடல்நிலை காரணமாக எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டுமே விலக்கு. சீட்டு வரவே இல்லையென்றால் தேர்தல் நாளான செவ்வாய்க்கிழமை உங்கள் ஊர் வாக்குச்சாவடியில் தற்காலிக வாக்குச்சீட்டு கேளுங்கள். இல்லை என்று சொன்னால் விடாதீர்கள், மறுபடியும் கேளுங்கள்.